சாலை முடிந்த பிறகு குதிரை

1870 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து ஒரு குழு குதிரைகளில் ஏறித் தெற்கே கிளம்பியது. வெந்நீர் ஊற்றுகள் வானத்துக்குப் பீய்ச்சியடிக்கும் ஒரு நிலத்தைப் பற்றி அதுவரை வேட்டைக்காரர்கள் வாயால் கேட்ட கதையெல்லாம் உண்மைதானா என்று பார்த்துவிட்டு வருவது அவர்கள் நோக்கம். குழுவில் ட்ரூமன் எவர்ட்ஸ் என்பவரும் இருந்தார். வரி மதிப்பீட்டு அதிகாரியாக வேலை பார்த்தவர்; வயது 54; கண்பார்வை மந்தம். செப்டம்பர் 9-ஆம் தேதி, யெல்லோஸ்டோன் ஏரிக்குத் தெற்கே, விழுந்த மரங்கள் அடைத்துக் கிடந்த காட்டில் அவர் கூட்டத்தைத் தவறவிட்டார். மறுநாள் வழி தெரிகிறதா என்று பார்க்கக் குதிரையை விட்டு இறங்கினார். குதிரையை எங்கும் கட்டவில்லை. எதற்கோ மிரண்ட குதிரை மரங்களுக்கிடையே பாய்ந்து ஓடி மறைந்தது. போர்வை, துப்பாக்கி, தீக்குச்சி எல்லாம் அதன் முதுகில்.

அதன் பிறகு 37 நாட்கள். முட்செடி ஒன்றின் கிழங்கைத் தின்று உயிரை வைத்திருந்தார். குளிரில் விறைத்துச் சாகாமல் இருக்க வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிப் படுத்தார். அதிலேயே இடுப்பு வெந்துபோனது. கையிலிருந்த சின்னத் தொலைநோக்கியின் கண்ணாடியில் வெயிலைக் குவித்துத் தீ மூட்டக் கற்றுக்கொண்டார். அக்டோபர் 16-ஆம் தேதி, தேடிப் போன இருவர் அவரைக் கண்டபோது பேசக்கூடத் தெம்பில்லாத எலும்புக்கூடாக இருந்தார். அவர் தின்ற செடியை அந்த வட்டாரத்தில் இன்றும் ‘எவர்ட்ஸ் முட்செடி’ என்கிறார்கள். ஒரு மலைக்கும் அவர் பெயர் உண்டு.

குதிரையில் காட்டுக்குள் போகிறவர்களிடம் அனுபவசாலிகள் இன்றைக்கும் அழுத்திச் சொல்லும் புத்திமதி இதிலிருந்தே புரியும்: உயிர் பிழைக்க வேண்டிய பொருளைச் சேணப்பையில் வைக்காதே, உன் உடம்பில் வை. தீப்பெட்டி, கத்தி, கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் மூன்றும் சவாரி செய்பவரின் இடுப்பிலோ சட்டைப் பையிலோ இருக்க வேண்டும். குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.

எவர்ட்ஸ் தொலைந்த காடு 1872 மார்ச் 1-ஆம் தேதி, அதிபர் யுலிசிஸ் கிராண்டின் கையெழுத்தில், யெல்லோஸ்டோன் என்ற பெயரில் உலகின் முதல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு ஏறத்தாழ 8,980 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும், ஓரங்கள் மொன்டானா, ஐடஹோ மாநிலங்களிலும் விழுகின்றன. ஆண்டுதோறும் பல லட்சம் பேர் காரில் வந்து, ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’ ஊற்று பீய்ச்சுவதைப் பார்த்து, சாலையோரம் நின்று காட்டெருமைகளைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். சாலையை விட்டு விலகிய பாதைகள் மட்டும் 1,400 கிலோமீட்டருக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றில் குதிரைக்கு அனுமதி உண்டு. சொல்லப்போனால், பல பாதைகள் குதிரைக் குளம்பு பட்டுப் பட்டு உண்டானவையே.

அந்தக் குளம்புகள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுடையவை அல்ல. பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டைக்குக் குதிரைகளோடு இந்த மலைகளைக் கடந்து போய் வந்தவர்கள். பூங்கா அறிவிக்கப்பட்டு ஐந்தே ஆண்டில், 1877-இல், நெஸ் பெர்ஸ் மக்கள் சுமார் 800 பேர், கிட்டத்தட்ட 2,000 குதிரைகளோடு இதன் குறுக்கே ஓடினார்கள். சொந்த மண்ணை விட்டுக் குறுகிய ஒதுக்கிடத்துக்குப் போகச் சொன்ன அரசின் படை பின்னால் துரத்திக்கொண்டு வந்தது. குழந்தைகளும் முதியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தேர்ந்தெடுத்த குதிரைகளை இணை சேர்த்து நல்ல இனங்களை வளர்ப்பதில் பெயர் பெற்ற மக்கள் அவர்கள். கனடா எல்லைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் இருக்கும்போது, அக்டோபரில், தலைவர் ஜோசப் சரணடைந்தார். அவர்கள் போன வழி 1986-இல் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவிக்கப்பட்டது. பூங்காவுக்குள் குதிரையில் போகும் எவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போவது முறை.

பூங்கா என்று பெயர் வைத்தாகிவிட்டது, காவலுக்குத்தான் ஆளில்லை. 1880-இல் ஹாரி யௌன்ட் என்ற வேட்டைக்காரரை வன விலங்குக் காவலராக நியமித்தார்கள். ஒற்றை ஆளால் இவ்வளவு பெரிய காட்டைக் காக்க முடியாது, ஒரு காவல் படையே வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டே விலகினார். அவர் சொன்னது 1886-இல் நடந்தது. குதிரைப்படை வந்து இறங்கியது. 1918 வரை யெல்லோஸ்டோனைக் காத்தது ராணுவம். காட்டின் உள்ளே ஒரு நாள் சவாரி தூரத்துக்கு ஒன்றாக மரக்குடில்கள் கட்டி, கள்ள வேட்டைக்காரர்களைத் தேடி அலைந்தார்கள். ரோந்துக் குடில்கள் என்ற அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. இப்போது அவற்றில் வந்து தங்குபவர்கள் பூங்காக் காவலர்கள்; கோடையில் அவர்கள் வருவதும் குதிரையில்தான்.

1915 ஆகஸ்டில் கார்களை உள்ளே விட்டார்கள். இரண்டே ஆண்டில் குதிரை வண்டிகள் காணாமல் போயின. சாலையில் குதிரைக்கு வேலை முடிந்தது. ஹோவர்ட் ஈட்டன் என்ற பண்ணைக்காரர் பல ஆண்டுகள் விருந்தினர் கூட்டங்களைக் குதிரையிலேயே பூங்கா முழுக்கச் சுற்றிக் காட்டி வந்தவர். அவர் 1922-இல் இறந்தார். அடுத்த ஆண்டு, சாலையை ஒட்டியே வளைந்து போகும் சுமார் 250 கிலோமீட்டர் குதிரைப் பாதைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். காரில் வருகிறவர்களின் கூட்டத்துக்கு முன் அந்தப் பாதை நிற்கவில்லை. பிற்காலத்தில் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

ஆனால் காட்டின் நடுப்பகுதி வேறு விஷயம்.

பூங்காவின் தென்கிழக்கு மூலையில் தொரஃபேர் என்றொரு பள்ளத்தாக்கு. அலாஸ்காவையும் ஹவாயையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அமெரிக்காவிலேயே சாலையிலிருந்து மிக விலகிய இடம் இந்த வட்டாரம்தான். எந்தத் திசையில் போனாலும் அருகிலுள்ள சாலைக்கு நேர்கோட்டிலேயே 30 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள காவலர் குடிலுக்கு, பாதை தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். யெல்லோஸ்டோன் ஏரியின் கிழக்குக் கரையோரமாகவே ஒரு நாள் போக வேண்டும். பிறகு ஆறு. பிறகு ஆளுயர வில்லோப் புதர்களும் சதுப்பு நிலமும். நடந்தும் போகலாம், போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பத்து நாள் சாப்பாடு, கூடாரம், குளிர் உடுப்பு அத்தனையும் ஒருவர் முதுகில் ஏற்றினால் அவர் கண்ணுக்குத் தன் கால் பெருவிரலைத் தவிர வேறெதுவும் தெரியாது.

தெற்கேயிருந்து வருகிறவர்கள் டீட்டன் வனப்பகுதி வழியாக, ‘இரு கடல் கணவாய்’ ஏறி வருவார்கள். மலையிலிருந்து இறங்கும் ஒரு சின்ன ஓடை அங்கே ஒரு மரத்தடியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கிழக்கே ஓடி அட்லாண்டிக் கடலைச் சேர்கிறது. மற்றது மேற்கே பசிபிக்கைச் சேர்கிறது. மரத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள்: அட்லாண்டிக்குக்கு 3,488 மைல், பசிபிக்குக்கு 1,353 மைல். ஒரே குதிரை ஒரு கடலுக்குப் போகிற தண்ணீரில் முன்னங்காலும் இன்னொரு கடலுக்குப் போகிற தண்ணீரில் பின்னங்காலும் வைத்து நிற்கலாம்.

இங்கெல்லாம் ஒரு ஜீப் பாதை போட்டிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். 1964-இல் அமெரிக்கா இயற்றிய வனாந்தரச் சட்டம் இதற்கென்றே வந்தது. வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் சாலை கூடாது, மோட்டார் வாகனம் கூடாது, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. கால்நடையாகவோ விலங்கின் முதுகிலோ போகலாம். யெல்லோஸ்டோனில் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தை அப்படி அறிவிக்கலாம் என்று 1972-இல் பரிந்துரை போனது. நாடாளுமன்றம் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனாலும் பூங்கா நிர்வாகம் அந்த நிலத்தை வனாந்தரம் போலவே நடத்துகிறது. ஆக, ஓடையின் மேல் பாலம் போட மரச்சட்டம் கொண்டுபோகவும், விழுந்த மரத்தை அறுத்துப் பாதையைத் திறக்கும் தொழிலாளர்களுக்கு வாரக்கணக்கில் சோறு கொண்டுபோகவும் பொதி விலங்குகளே துணை. 1988-இல் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீயில் சிக்கியது. அன்று கருகி நின்ற பைன் மரங்கள் அதன் பிறகு பல பத்தாண்டுகளாகப் பாதைகளின் குறுக்கே விழுந்துகொண்டே இருந்தன. அந்த வேலை ஓய்வதே இல்லை.

பொதி சுமப்பதில் கெட்டி கோவேறு கழுதைதான். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்து, தான் குட்டி போட முடியாமல் போகும் பிராணி. ஆனால் மலைப்பாதையில் அதைப் போல அடி பார்த்து வைக்கும் விலங்கு குறைவு. குளம்பு சின்னது, உறுதியானது. ஆபத்து என்று பட்டால் குதிரை ஓடும். கோவேறு கழுதை நின்று யோசிக்கும். இந்த நிற்கும் குணத்தைத்தான் பிடிவாதம் என்று பழி சொல்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம் என்ற இடத்தில் அது எவ்வளவு பெரிய நற்குணம் என்பது பொதிக்காரர்களுக்குத் தெரியும்.

காலையில் பொதி ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு விலங்குக்கு 65, 70 கிலோ. அதற்கு மேல் ஏற்றுவதில்லை. இரண்டு பக்கப் பெட்டிகளையும் கைத்தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் இரண்டு மணி நேரத்தில் சேணம் சரியும், முதுகு புண்ணாகும், பயணம் அதோடு முடியும். எடை குறைந்த பக்கம் ஒரு கல்லையாவது போட்டுச் சமன் செய்வார்கள். மேலே கித்தான் போர்த்தி, வைர வடிவில் விழும்படி கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு விலங்குகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்க வேண்டும். இதில்தான் ஒரு நுட்பம். பின்னால் வரும் விலங்கின் தலைக்கயிற்றை முன்னால் போவதன் சேணத்தில் நேராகக் கட்ட மாட்டார்கள். சேணத்தின் பின்புறம் மெல்லிய கயிற்றில் ஒரு வளையம் தொங்கும், அதில்தான் கட்டுவார்கள். ஒரு விலங்கு கால் தவறிச் சரிவில் உருண்டால் அந்த மெல்லிய கயிறு அறுந்துவிடும். விழுவது ஒன்றோடு போகும், மற்றவை தப்பும். அந்தக் கயிற்றின் பருமனைத் தேர்ந்தெடுப்பதே ஓர் அனுபவம். ரொம்ப மெலிந்தால் சும்மா இழுத்தாலே அறும். தடித்தால் ஆபத்தில் அறாது.

இந்தக் கைத்தொழிலைக் கட்டிக் காத்த ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். மொன்டானாவில் நைன்மைல் என்ற ஊரில் 1930-இல் வனத்துறை ஒரு பொதி விலங்கு நிலையம் தொடங்கியது. காட்டுத்தீ பற்றினால் விலங்குகளும் பொதிக்காரர்களும் தீயணைப்போருக்குச் சாமான் கொண்டுபோகத் தயாராக நின்றார்கள். சாலைகளும் விமானங்களும் வந்த பின் 1953-இல் மூடிவிட்டார்கள். அதே கட்டடங்களில் பிற்பாடு பொதி கட்டும் கலையையும், இருவர் இழுக்கும் ரம்பத்தால் மரம் அறுக்கும் கலையையும் சொல்லித்தரத் தொடங்கினார்கள்.

சவாரி செய்பவருக்கும் வேலை உண்டு. சேண வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். அரை மணி நேரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்காவிட்டால் சேணத்தோடு ஆளும் வயிற்றுப் பக்கம் சுழல வேண்டியதுதான். ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்த்து, குதிரையின் பின்னங்கால்களுக்குப் பாரத்தைக் குறைக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடப்பதே நல்லது. முழங்கால் வலி மனிதருக்கு மட்டும் வருவதில்லை. ஆற்றைக் கடக்கும்போது கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு அக்கரையையே பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், உடம்பு சாயும், குதிரையும் தடுமாறும். ஜூலையில் பனி உருகி யெல்லோஸ்டோன் ஆறு பெருகி ஓடும்போது இது விளையாட்டல்ல.

பாதையில் குதிரைக் கூட்டம் எதிர்ப்பட்டால் நடந்து வருபவர்தான் ஒதுங்க வேண்டும். பள்ளப் பக்கமாக ஒதுங்கி நின்று, சாதாரணமாக இரண்டு வார்த்தை பேச வேண்டும். குதிரையைத் தின்னும் விலங்குகள் மேட்டிலிருந்து பாய்ந்து பழக்கமானவை. பெரிய முதுகுப் பையோடு மேட்டில் அசையாமல் நிற்கும் ஓர் உருவம் குதிரைக்கு என்னவாகத் தெரியும் என்று யாரால் சொல்ல முடியும்? குரல் கேட்டால் அது மனிதன் என்று அடங்கிவிடும்.

இந்தக் காட்டில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர், காட்டெருமை, எல்க் மான் என்றால் 23 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் சட்டம். உணவு, குதிரைத் தீவனம், பற்பசை எல்லாவற்றையும் இரவில் மூன்று மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும். கரடி இருப்பதை மனிதருக்கு முன்னால் குதிரை அறியும். இரண்டு காதும் ஒரே பக்கம் விறைத்து நிற்கும். 2011 ஜூலையில், யெல்லோஸ்டோனுக்கு வடக்கே கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில், ஓர் இளம்பெண் வழிகாட்டி எட்டுப் பேரைக் குதிரையில் கூட்டிப்போனார். மான் ஒன்றைத் துரத்தி வந்த கிரிஸ்லி அவர்களுக்கு நடுவே வந்துவிட்டது. எட்டு வயதுச் சிறுவன் இருந்த குதிரை மானின் பின்னால் காட்டுக்குள் பாய, கரடியும் அதே பக்கம் திரும்பியது. டோங்க் என்ற பெரிய வெள்ளைக் குதிரையில் இருந்த அந்தப் பெண் நேராகக் கரடியை நோக்கிக் குதிரையைச் செலுத்தினார். கரடி விலகித் திரும்ப, மறுபடியும் செலுத்தினார். மூன்றாம் முறை கரடி ஓடியது. சிறுவனுக்கு ஒரு கீறல் இல்லை. ஓடித் தப்புவதே பிறவிக் குணமாகக் கொண்ட ஒரு விலங்கு, முதுகில் இருந்தவர் மேல் வைத்த நம்பிக்கையால் கரடிக்கு எதிரே போனது. பிறகு அந்தப் பெண் டோங்க்கை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, குதிரை காட்டுக்குச் செய்யும் கெடுதலைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அரை டன் எடை நான்கு சின்னக் குளம்புகளில் இறங்குகிறது. 1990-களில் மொன்டானா மலைப்பாதைகளில் மனிதர், குதிரை, லாமா மூன்றையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், குதிரைதான் மண்ணை அதிகம் கிளறி அரிப்புக்கு விடுகிறது என்று தெரிந்தது. ஈரப் பாதையில் ஒரு குதிரை வரிசை போனால் சேறு குழம்பிவிடும். மரத்தில் இரவெல்லாம் கட்டினால் வேரைத் தோண்டும், பட்டையைக் கடிக்கும். சாணத்தோடு அந்நியக் களை விதைகளும் உள்ளே வந்துவிடும்.

யெல்லோஸ்டோனின் விதிகள் இந்தப் பயத்திலிருந்து பிறந்தவை. ஜூலை 1-க்கு முன் குதிரையோடு உள்ளே இரவு தங்க முடியாது. மண் காய வேண்டும், புல் தழைக்க வேண்டும். களை விதை இல்லை என்று சான்று பெற்ற தீவனம்தான் கொண்டுவரலாம். தொற்று ரத்தசோகை இல்லை என்ற மருத்துவச் சான்று குதிரைக்கு வேண்டும். சுமார் 300 முகாம்களில் எல்லாவற்றிலும் குதிரைக்கு இடமில்லை. இரவில் இரண்டு மரங்களுக்கு இடையே உயரமாக ஒரு கயிறு கட்டி, பட்டை நோகாமல் அகலப் பட்டி சுற்றி, அதில் குதிரைகளைக் கட்டுகிறார்கள். புறப்படும்போது சாணத்தைக் கலைத்துப் பரப்பிவிட்டுப் போக வேண்டும்.

நடப்பவர்களுக்கு இது போதவில்லை. கலிபோர்னியாவின் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் வணிகப் பொதி விலங்குகளை எதிர்த்து மலையேறுவோர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு, 2012-இல் வென்றது. வனாந்தரச் சட்டம் கேட்கும் ஆய்வை நிர்வாகம் சரிவரச் செய்யவில்லை என்றது நீதிமன்றம். அந்தக் கோடையில் குதிரைக்காரர்களின் பிழைப்பே நின்றுவிடும் நிலை. நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டு, அவர்கள் தொடர வழி செய்தது. அதன் பின்னர் பூங்கா முழுமையான திட்டம் எழுதி வெளியிட்டது. வழக்குப் போட்டவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் அந்தத் திட்டம் வந்தது. அதே சமயம், சாணத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர் கடக்கும் பாலத்தின் கட்டைகளைக் கோவேறு கழுதை சுமந்து வந்தது என்பதும் உண்மை. நடக்க முடியாத முதியவரும், முழங்கால் தேய்ந்தவரும் அந்தக் காட்டைப் பார்க்கக் குதிரை ஒன்றே வழி என்பதும் உண்மை. எண்ணிக்கையை அளந்து, ஈரமான புல்வெளிகளை விலக்கி, குதிரையை உள்ளே விடுவதே சரி. தடை போட்டால் இழப்பு பாதைகளுக்கும் சேர்த்துத்தான்.

பத்து நாள் பயணம் எல்லோருக்கும் கட்டாது. யெல்லோஸ்டோனில் கேன்யன், ரூஸ்வெல்ட் ஆகிய இடங்களில் உள்ள லாயங்களிலிருந்து கோடையில் ஒரு மணி, இரண்டு மணி நேரச் சவாரிகள் கிளம்புகின்றன. வயதுக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. முன்பதிவு செய்துவிடுவது நல்லது. முன்பின் குதிரை ஏறாதவருக்கு அதற்கேற்ற குதிரையைக் கொடுப்பார்கள். நாட்கணக்கில் உள்ளே போக விரும்புகிறவர்கள் பூங்காவின் உரிமம் பெற்ற பயண ஏற்பாட்டாளரோடு போகலாம். ஜூலையில் கொசுவும் குதிரை ஈயும் பிய்த்து எடுத்துவிடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை பூச்சி குறைவு, ஆறுகள் வடிந்திருக்கும், எல்க் மான்கள் இணை தேடிக் குரல் கொடுக்கும் பருவமும் அதுதான். ஏரியே 2,350 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் தண்ணீர் உறையும். கம்பளியும் கையுறையும் அந்தப் பருவத்துக்கு அவசியம்.